நூலும் வரியும் மதுரையும்

காளவாசல் சந்திப்பில் மேம்பாலத்தின் அடியில் நின்று, தேனி சாலையும் பைபாஸ் சாலையும் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் திசைகளை நிதானமாக எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்தத் தேசத்தின் சர்க்கார்கள் வகுத்த வியாபாரக் கொள்கைகளும் தொழிற்கொள்கைகளும் ஓரிரு மணி நேர நடைக்குள் மதிற்சுவர்களாகவும் புகைபோக்கிகளாகவும் நிற்பது தெரியவரும். கிழக்கே அரசரடியைத் தாண்டிப் போனால், ஊரார் இன்றும் ஹார்வி மில் என்றே சொல்லும் மதுரா கோட்ஸ் இருக்கிறது. வடமேற்கே கோச்சடையில் ரப்பர்த் தொழிற்சாலையும் பெல்ட் தொழிற்சாலையும் இருக்கின்றன. தெற்கே பழங்காநத்தத்தைக் கடந்தால், நீலகிரியில் பிறந்த மின்சாரம் வந்திறங்கியதாலேயே பைக்காரா என்று பெயர் பெற்றுவிட்ட பேருந்து நிறுத்தமும், அதற்கு அப்பால் பசுமலை மகாலட்சுமி மில்லும், திருப்பரங்குன்றத்தை அடுத்து ஆலைத் தொழிலாளர்களுக்காகவே எழுந்த ஹார்விபட்டியும் வரிசையாக வருகின்றன. மேற்கே செல்லும் தேனி சாலையோ கம்பம் பள்ளத்தாக்கையும் குமுளியையும் கடந்து கோட்டயத்து ரப்பர்த் தோட்டங்கள் வரை போகிறது.

அந்நியப் பண்டத்துக்கு வரி போடலாமா, கூடாதா என்று இப்போது மறுபடியும் எங்கும் வாதம் நடக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பண்டங்களின் மீதான தீர்வையை 50 சதவீதமாக உயர்த்தியதும், அதே மாதத்தில் நம் சர்க்கார் இறக்குமதிப் பருத்திக்கான 11 சதவீதத் தீர்வையைத் தற்காலிகமாக நீக்கியதும் இந்த வாதத்துக்குச் சூடேற்றியிருக்கின்றன. ஆனால் மதுரையின் அனுபவத்தைக் கூர்ந்து நோக்கினால், வரி உண்டா இல்லையா என்பது இரண்டாவது கேள்வியே என்று எனக்குத் தோன்றுகிறது. பாதுகாப்பளித்த காலத்தில் பாதுகாக்கப்பட்டவர் புதிதாக எதைச் செய்யக் கற்றார், அதற்கு அவரிடம் கணக்குக் கேட்டது யார் என்பதே முதற்கேள்வி.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்ற சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு முதல் நூற்பாலையை நடத்தத் தொடங்கி, தூத்துக்குடியில் கோரல் மில்லை எழுப்பி, பிறகு 1892இல் மதுரைக்கு வந்தார்கள். பெரியாறு அணையின் தண்ணீர் வைகைச் சமவெளிக்கு வருவதற்கு இன்னும் மூன்று வருஷங்கள் இருந்தன. அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து இந்தியாவை ஆண்டவர்களின் வரிக்கொள்கை முழுவதும் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் பிரயோஜனத்தையே நோக்கமாகக் கொண்டிருந்தது. சர்க்காரின் வருமானத்துக்காக வெளிநாட்டுத் துணியின் மீது தீர்வை விதிக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டபோது, அந்தத் தீர்வை இந்திய ஆலைகளுக்கு அனுகூலமாகிவிடக் கூடாதென்று, 1896இல் இறக்குமதித் துணிக்கு மூன்றரை சதவீதமும் இந்திய ஆலைத் துணிக்கும் அதே மூன்றரை சதவீதமும் விதித்தார்கள். தன் நாட்டில் தன் ஜனங்கள் செய்யும் பண்டத்துக்கு, அந்நியன் செய்யும் பண்டத்துக்குச் சமமாக வரி போட்ட அந்த அநீதி, 1926இல் அடியோடு நீங்கும் வரை முப்பது வருஷம் நம் நெஞ்சில் முள்ளாக இருந்தது. திருவையாற்றில் பிறந்து சுதேசமித்திரனை நடத்திய ஜி. சுப்பிரமணிய ஐயர், 1903இல் வெளியிட்ட பொருளாதார நூலில், கைத்தொழிலை இழந்து விவசாயத்தை மட்டுமே நம்பி நிற்கும் தேசத்தின் வறுமையை எடுத்துக்காட்டி, இங்கே புதிய தொழில்களுக்குச் சர்க்காரின் ஆதரவு இன்றியமையாதது என்று வற்புறுத்தினார்.

சென்னை மாகாணத்துச் சர்க்காருக்குள்ளேயே அந்தக் கருத்துக்கு ஓர் ஆங்கிலேயர் செயல்வடிவம் கொடுத்துப் பார்த்தார் என்பது பலருக்குத் தெரியாத விஷயம். பொறியியல் ஆசிரியராக இங்கு வந்த ஆல்பிரட் சாட்டர்டன், சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் 1898இல் அலுமினியப் பாத்திரம் செய்ய ஏற்பாடு செய்து, அது லாபம் தரும் தொழில் என்று நிலைநாட்டி, பிறகு அதைத் தனியார் கைக்கு மாற்றினார். குரோம் முறையில் தோல் பதனிடுவதையும், கிணற்றில் எஞ்சின் வைத்து நீர் இறைப்பதையும், சேலத்தில் நெசவுச் சாலையையும் அதே முறையில் பரீட்சித்தார். அறியாத தொழிலின் நஷ்டத்தைச் சர்க்கார் முதலில் ஏற்று, வழி தெரிந்தபின் ஜனங்களிடம் ஒப்படைத்து விலகிக்கொள்வது அவருடைய உபாயம். ஐரோப்பிய வியாபாரிகள் அதை எதிர்த்துக் கூக்குரல் எழுப்பினார்கள். இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு 1910இல் அதற்குத் தடை போட்டார். சாட்டர்டன் மைசூர் சமஸ்தானத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த உபாயம் இருபது வருஷம் இடையூறின்றி நடந்திருந்தால் தென்னாட்டின் தொழில் வரைபடமே வேறாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

மதுரை மில் துணிக்கு வராமல் நூலோடு நின்றதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு. 1896இன் ஏற்பாட்டில் நூலுக்கு இறக்குமதித் தீர்வையும் இல்லை, உள்நாட்டுத் தீர்வையும் இல்லை. மில்லைச் சுற்றி மதுரையிலும் பரமக்குடியிலும் அருப்புக்கோட்டையிலும் ஆயிரக்கணக்கான தறிகள் நூலுக்குக் காத்திருந்தன. ஆகவே ஹார்வி மில் நூற்றது. சௌராஷ்டிரரும் தேவாங்கரும் மற்றவர்களும் நெய்தார்கள். நூலின் நம்பர் என்பது அந்த வியாபாரத்தின் உயிர்நாடி. 840 கஜ நீளமுள்ள ஒரு சிட்டத்தை அளவாக வைத்து, ஒரு ராத்தல் எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் ஒரு ராத்தலில் 33,600 கஜம் நீளும். இருபதாம் நம்பர் அதில் பாதிதான். பத்து ராத்தல் கட்டாகக் கட்டி வரும் சிட்டா நூலை நெசவாளி வீட்டுத் திண்ணையில் வைத்துப் பிரித்து, விரலிடுக்கில் இழையை ஓட்டிப் பார்த்து, முறுக்குச் சரியா, முடிச்சு அதிகமா, நம்பர் குறைவா என்று சொல்லிவிடுவார்கள். நம்பர் குறைந்தால் கட்டில் நீளம் குறையும். நீளம் குறைந்தால் ஒரு சேலைக்கு நூல் போதாது. அந்த நஷ்டம் முழுவதும் நெய்தவன் தலையில்தான் விழும். வரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கட்டை ஒரு முறையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஒருவனுக்குப் பாதுகாப்பாகும் தீர்வை, அவனிடம் சரக்கு வாங்கித் தொழில் செய்யும் அடுத்தவனுக்குச் சுமையாகும் என்ற உண்மை இந்தக் கட்டுக்குள்தான் இருக்கிறது. ஜப்பானிய நூல் வந்து குவிந்தபோது, 1927இல் இறக்குமதி நூலுக்கு ராத்தலுக்கு ஒன்றரை அணாவுக்குக் குறையாத தீர்வை விதித்தார்கள். ஆலைக்கு அது அரணாயிற்று. தறிக்காரனுக்கு நூல் விலை ஏறியது.

அதன் பிறகு பாதுகாப்பு வேகமாக உயர்ந்தது. 1930இல் பிரிட்டிஷ் துணிக்கு 15, மற்ற நாட்டுத் துணிக்கு 20 சதவீதம் என்று தொடங்கி, 1933இல் ஜப்பானியத் துணிக்கு 75 சதவீதம் வரை போயிற்று. அந்த அரணுக்குள் சுதேசி முதலாளிகள் துணிந்து நுழைந்தார்கள். கருமுத்து தியாகராசன் செட்டியார் மதுரையில் தாம் முன்பே நிறுவியிருந்த மீனாட்சி மில்லை வளர்த்தார். கப்பலூரில் தியாகராசர் மில் எழுந்தது. பின்னாளில் அதே செல்வத்திலிருந்து கல்லூரியும் பொறியியற் கல்லூரியும் பிறந்தன. தீர்வை மட்டும் இதைச் செய்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சர். சி. பி. ராமசாமி ஐயர் மாகாண நிர்வாகத்தில் இருந்தபோது முனைந்து எடுத்துக்கொண்ட பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் மின்சாரம் தரத் தொடங்கி, கோயம்புத்தூரைக் கடந்து மதுரை வரை கம்பிகள் வந்தபின்தான், நிலக்கரிக்கு வழியில்லாத இந்த வறண்ட சீமையில் மில் நடத்துவது எளிதாயிற்று. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய விவசாய ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணிப் பருத்தியில் நல்ல விதைகளைத் தேர்ந்து கொடுத்ததும், கம்போடியாப் பருத்தி தமிழ்நாட்டு இறவைப் பூமிகளில் பரவியதும் அந்த ஆலைகளின் இழையை நயமாக்கின. மின்சாரமும் விதையும் சர்க்காரின் கைங்கரியம். சுங்கச்சாவடியில் வசூலாகும் வரியைவிட இவை இரண்டும் அதிகப் பலன் தந்தன என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சுதந்திரம் வந்தபின் அரண் இன்னும் உயர்ந்தது. ஆனால் அதற்குள் நடந்த காரியம் வேறு விதமாயிற்று. கைத்தறி நெசவாளர்களின் ஜீவனத்தைக் காப்பதற்காக வேட்டியையும் சேலையையும் தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று ராஜாஜி முதன்மந்திரியாக இருந்தபோது போராடினார். 1953இல் ஆலைத் துணிக்குக் கஜத்துக்கு மூன்று தம்படி வரி போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்குச் செலவிடச் சட்டம் செய்தார்கள். 1956இல் ஆலைகளில் புதுத் தறி கூட்டுவதையே நிறுத்திவைத்தார்கள். நோக்கம் உத்தமமானது, நெசவாளர் வீடுகளின் பட்டினியைக் கண்டவர் எவரும் அதைக் குறை கூறமாட்டார். ஆயினும் ஆலையைத் தடுத்து நிறுத்திய இடத்தில் வளர்ந்தது கைத்தறி அல்ல, விசைத்தறி. மதுரையின் மில்களோ, வெளிநாட்டு நூல் வராது, உள்நாட்டில் விற்பனைக்குக் குறைவில்லை என்ற நிம்மதியில், பழைய இயந்திரங்களை ஓட்டிக்கொண்டே வருஷங்களைக் கழித்தன.

சோழவந்தான் பக்கத்து விவசாயி நாற்றங்காலை வேலியிட்டுக் காப்பான். ஆனால் இருபத்தைந்து, முப்பது நாளில் நாற்றைப் பறித்து நடுவதற்குத் தவறமாட்டான், அறுபது நாள் நின்ற நாற்று முற்றிக் கணுவிட்டுப் போகும், பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் தூர் கட்டாது என்பது அவனுக்குத் தெரியும். நம் தொழிற்கொள்கையில் வேலி இருந்தது, நடவுத் தேதி இல்லை. தென்கொரியா 1960களில் தன் முதலாளிகளுக்கு அளித்த சலுகைகள் நம்முடையவற்றைவிடக் குறைந்தவை அல்ல; மலிவான கடனும் சந்தைப் பாதுகாப்பும் அங்கும் உண்டு. ஆனால் இந்த வருஷம் இவ்வளவு ஏற்றுமதி என்று இலக்கு வைத்து, ஜனாதிபதி பார்க் சுங் ஹீயே மாதந்தோறும் கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்டார். அந்த ஆட்சியின் கொடுமையை நான் மறக்கவில்லை. தொழிலாளரின் குரல்வளையை நெரித்துப் பெற்ற வளர்ச்சியைப் பின்பற்றச் சொல்லவும் இல்லை. சலுகைக்குக் கைம்மாறு கேட்கும் வழக்கம் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

கற்றவர்கள் நம்மிடமும் இருந்தார்கள். கோயம்புத்தூரில் மில்களின் பக்கத்திலேயே வார்ப்படச் சாலைகளும் மோட்டார்ப் பட்டறைகளும் பெருகி, 1962இல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் பிறந்தது. இங்கிலாந்தின் ஓல்டாமிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த நூற்பு இயந்திரங்களை நாமே செய்து, வெளிநாட்டுக்கும் விற்கிறோம். மதுரையில் அந்தப் பாடத்தை மில்கள் கற்கவில்லை, கோச்சடை கற்றது. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம் முதலில் பஸ் ஓட்டியது. ஓடிய பஸ்ஸுக்குப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமற்போன சமயத்தில், கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் டி.வி.எஸ். கேஸ் பிளாண்டைத் தாங்களே செய்தார்கள். பிறகு வண்டிக்கு வேண்டிய ரப்பர்ச் சாமான்களைச் செய்யும் தொழிற்சாலையும் எழுந்தது. யுத்தகாலத் தட்டுப்பாடும், அதன்பின் இறக்குமதிக் கட்டுப்பாடும் ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்குப் பள்ளிக்கூடமாயின. பக்கத்திலேயே ஃபென்னர், இயந்திரச் சக்கரங்களைச் சுழற்றும் வி-பெல்ட்டுகளைச் செய்யத் தொடங்கியது. பஸ் வழித்தடங்களைச் சர்க்கார் 1972இல் எடுத்துக்கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தை அமைத்தபோதும், செய்யக் கற்ற கைகள் வேலை இழந்து நிற்கவில்லை. ரப்பரும் பெல்ட்டும் கோச்சடையில் தொடர்ந்தன.

ஹார்வி மில்லின் பிற்காலத்தை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் 1918 வாக்கில் முன்னின்று அமைத்த தொழிற்சங்கத்தின் மரபில் நிரந்தர வேலையும் போனசும் பெற்று, சங்கு ஊதும் நேரத்தைக் கொண்டே ஊருக்கு நேரம் காட்டிய அந்த மில், 1974இல் மதுரா கோட்ஸ் ஆயிற்று. 1980களின் இறுதியில் லூயி பிலிப், 1993இல் ஆலன் சோலி என்ற உயர்ரகச் சட்டைகளை அதே நிறுவனம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. நூலிலிருந்து சட்டை வரை ஏறுவதற்கு மதுரைக்குக் கிடைத்த அரிய சந்தர்ப்பம் அது. ஆனால் அந்த ஆடை வியாபாரம் 1999இல் பிர்லா குழுமத்துக்கு விற்கப்பட்டது. இன்று அதன் தலைமையகம் பெங்களூரில் இருக்கிறது. மதுரா என்ற பெயர் மட்டும் அதனுடன் போயிற்று.

அந்த 1999இலேயே மத்திய சர்க்கார் ஜவுளித் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தைத் தொடங்கி, புது இயந்திரம் வாங்கும் கடனின் வட்டியில் 5 சதவீதத்தைத் தானே ஏற்றது. திண்டுக்கல், வேடசந்தூர், இராஜபாளையம் வட்டாரங்களில் புதிய நூற்பாலைகள் எழுந்தன; நாட்டின் நூற்பாலைகளில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில் இருக்கும் நிலை உறுதியாயிற்று. இது மெய்யான சாதனை. ஆனால் அந்தக் கடனின் நிபந்தனைகள் இயந்திரத்தின் தரத்தைப் பற்றிப் பேசின; இயந்திரத்தின் முன் நிற்பவரைப் பற்றிப் பேசவில்லை. ஆரப்பாளையம் பேருந்து நிலையச் சுற்றுச் சுவர்களில், மில் வேலைக்குப் பெண்கள் தேவை, தங்குமிடமும் உணவும் இலவசம் என்று ஒட்டப்படும் நோட்டீசுகளைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. சுமங்கலித் திட்டம் என்ற மங்களகரமான பேரில், மூன்று வருஷம் விடுதிக்குள் இருந்து வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களை அழைத்துப்போய், இடையில் நோயால் நின்றவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமலே போன கதைகளை உசிலம்பட்டிக் கிராமங்களில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். வரிப்பணத்தில் வட்டி கட்டிய சர்க்கார், அந்த விடுதியின் கதவு உள்ளேயிருந்து திறக்குமா என்று கேட்டிருக்க வேண்டாமா?

வங்காளதேசத்தின் கதை நமக்கு இங்கே உதவும். பணக்கார நாடுகள் 1974இல் பல்லிழை ஒப்பந்தத்தின் மூலம் ஏழை நாடுகளின் ஆடை ஏற்றுமதிக்கு அளவு கட்டிய காலத்தில், கொரியாவின் டேவூ நிறுவனம் தன் பங்கு தீர்ந்துபோனதால், பங்கு தீராத வங்காளதேசத்தைத் தேடி வந்து, தேஷ் என்ற நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 1979 வாக்கில் 130 பேரை பூசானுக்கு அழைத்துச் சென்று ஆறு மாதம் பழக்கியது. அவர்களில் பலர் பிறகு பிரிந்து தனித்தனியாகத் தொழிற்சாலை தொடங்கினார்கள். சீனாவுக்கு அடுத்தபடி உலகுக்கு ஆடை விற்கும் நாடுகளுள் ஒன்றாக வங்காளதேசம் உயர்ந்ததற்கு அந்த 130 பேரின் பயிற்சி ஒரு வித்து. பருத்தி அதிகம் விளையாத அந்தத் தேசம் நம்மிடம் நூல் வாங்கிச் சட்டை தைத்து விற்கிறது. பருத்தியும் நூலும் தறியும் சாயப்பட்டறையும் உள்ள நாம் நூல் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

ஆகையால் பருத்தித் தீர்வை பற்றிய இன்றைய வாதத்தில் என் நிலை இதுதான். 2021 வரவுசெலவுத் திட்டத்தில் போட்ட அந்த 11 சதவீதம், பருத்தி விவசாயியைக் காக்கும் என்று சொல்லப்பட்டது. தமிழ்நாட்டு ஆலைகளுக்குத் தேவையான பருத்தியில் இருபதில் ஒரு பங்குகூட இங்கே விளைவதில்லை; குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் லாரிக் கூலி கொடுத்து வருகிறது. இழை நீளமான பருத்திக்கு வெளிநாட்டையும் நம்பவேண்டியிருக்கிறது. 2022இல் சில மாதம் நீக்கி, மறுபடி போட்டு, 2025 ஆகஸ்டில் மறுபடி நீக்கி, செப்டம்பர் இறுதி வரை என்று சொல்லிப் பின் டிசம்பர் இறுதி வரை நீட்டினார்கள். வரி இருப்பதைவிட, இருக்குமா இராதா என்று தெரியாமல் இருப்பது ஆலைக்காரரை அதிகம் வாட்டுகிறது. ஆறு மாதத்துக்கு முன்பே பருத்தி வாங்க ஒப்பந்தம் செய்கிறவர் எதை நம்பிக் கையெழுத்திடுவார்? விவசாயியைக் காக்க வேண்டுமானால் கோவில்பட்டிக்கு ஆராய்ச்சிப் பணமும், மானாவாரிக் கரிசலுக்கு ஏற்ற விதையும், கொள்முதல் நிலையமும் தரவேண்டும். அதற்கு ஆண்டு பல ஆகும்; ஆனால் பலன் நிலத்தில் நிற்கும்.

விருதுநகர் மாவட்டத்தில், இ. குமாரலிங்கபுரத்தில், 1,052 ஏக்கரில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா அமைக்க 2023 மார்ச்சில் ஒப்பந்தமாகியிருக்கிறது. காளவாசலிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் வந்துவிடும் அந்த நிலம், நூல் முதல் ஆடை வரை ஒரே இடத்தில் செய்யும் யோசனையின் கடைசிப் பரீட்சைக் களமாகலாம். பரமக்குடியிலும் காளையார்கோவிலிலும் தேசிய ஜவுளிக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் நின்றவை நின்றபடியே கிடக்க, அவற்றில் வேலை பார்த்தவர்கள் நடுவயதைக் கடந்துகொண்டிருக்கும் நேரத்தில் இது வருகிறது. அங்கே நிலமும் நீரும் மானியமும் பெறும் ஒவ்வொரு நிறுவனமும், எத்தனை பேரைத் தையலிலும் சாயத்திலும் இயந்திரப் பராமரிப்பிலும் பழக்கியது, அவர்களில் எத்தனை பேர் நிரந்தரமானார்கள், பெண்கள் தங்கும் விடுதியை யார் சோதித்தார்கள், சாயக் கழிவு எங்கே போகிறது, ஐந்தாம் வருஷத்தில் எந்தச் சலுகை முடிவடைகிறது என்பவற்றை எழுதித் தரவேண்டும். கைத்தறி, துணிநூல் துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில், நிறுவனத்தின் பெயரோடு இவற்றை ஓர் அட்டவணையாகச் சேர்க்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை, வருகிற மானியக் கோரிக்கையிலேயே தொடங்கிவிடலாம்.